38 வயது நெருங்குகிறது, நெஞ்சு ஏன் இப்படிப் படபடக்கிறது?

கேள்வி: எனக்கு 37 வயது, பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எனக்கு 9 வயதாக இருந்தபோது ஒரு நாள் விடியற்காலையில் அப்பா மாரடைப்பால் இறந்துவிட்டார். அப்போது அவருக்கு 38 வயது. என்னையும் தம்பியையும் பக்கத்து வீட்டில் விட்டு, அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று சொன்னார்கள். அம்மா கஷ்டப்பட்டு எங்களைப் படிக்கவைத்தார். நான் அப்போது அழுததாகக்கூட நினைவில்லை. என் மகளுக்கு இந்த ஆண்டு 9 வயது முடிந்தது. ஆறு மாதமாக விடியற்காலை 4 மணிக்கு நெஞ்சு படபடத்து விழித்துக்கொள்கிறேன். கணவர் வீடு திரும்பச் சற்றுத் தாமதமானாலும் கை நடுங்குகிறது. இசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று சொல்லி, தூங்குவதற்கு அல்பிரசோலம் மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதமாகப் போடுகிறேன். 28 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இப்போது உடம்பை இப்படிப் படுத்துமா? அப்பாவுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்துவிடுமா?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு விடை கிடைக்காதவரை நான் சொல்லும் வேறு எதுவும் உங்கள் மனத்தில் தங்காது. தந்தையோ உடன்பிறந்த ஆணோ 55 வயதுக்கு முன்பு இதய நோய்க்கு ஆளாகியிருந்தால், அதை நாங்கள் குடும்ப வழி வரக்கூடிய ஆபத்துக் காரணியாகவே கணக்கில் எடுப்போம். ஆகவே உங்கள் அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லி உங்களை அனுப்பிவைப்பது சரியான மருத்துவம் ஆகாது. ஆனால் ஆபத்துக் காரணி என்பது விதி அல்ல. செய்த பரிசோதனைகள் இயல்பாக இருப்பது நல்ல செய்தி. இவற்றோடு, வெறும் வயிற்றில் கொலஸ்ட்ரால் பரிசோதனையும் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைகளும் செய்துகொள்ளுங்கள். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 190-ஐத் தாண்டியிருந்தால் அது பரம்பரையாக வரும் வகையாக இருக்கலாம். அப்படியானால் தம்பிக்கும் மகளுக்கும் பரிசோதிக்க வேண்டும், அதற்கு நல்ல மருந்துகளும் இருக்கின்றன. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் ரத்த சோகை இருந்தாலும் படபடப்பு வரும் என்பதால் அவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சில் அழுத்தம் தோன்றி, கைக்கோ தாடைக்கோ வலி பரவி, வியர்த்துக் கொட்டினால், அதைப் பதற்றம் என்று நீங்களே முடிவு செய்யாமல் 108-ஐ அழையுங்கள்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். படுத்தும். அதுவும் குறிப்பாக இந்த ஆண்டில் படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சிறு வயதில் தாயையோ தந்தையையோ இழந்த சிலர், தங்கள் பிள்ளை அந்தப் பழைய வயதை எட்டும் காலத்தில் மன நோய்க்கு ஆளாவதை ஜோசஃபைன் ஹில்கார்டு என்ற அமெரிக்க மருத்துவர் 1950-களிலேயே கவனித்து எழுதினார். அதுபோலவே, இறந்துபோன பெற்றோரின் வயதை நாம் நெருங்கும் காலமும் பலருக்குக் காரணம் சொல்லத் தெரியாத கலக்கத்தைத் தருகிறது. உங்கள் வாழ்க்கையில் இவ்விரண்டும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்திருக்கின்றன: மகள் நீங்கள் அன்று இருந்த வயதில் நிற்கிறாள், நீங்களோ அப்பா அன்று இருந்த வயதை நோக்கிப் போகிறீர்கள். அவர் இறந்ததும் விடியற்காலை, நீங்கள் விழிப்பதும் விடியற்காலை. இந்த நான்கு விவரங்களையும் நீங்களே ஒரே கடிதத்தில் எழுதியிருந்தும், ஒன்றோடு ஒன்று தொடர்புடையவை என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை என்பதுதான் அதைப் படித்தபோது என்னை நிறுத்தியது.

அன்று அழுததாக நினைவில்லை என்று குற்ற உணர்வோடு எழுதியிருப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது. மரணம் திரும்பாதது, எல்லோருக்கும் வருவது, அதன் பிறகு உடல் இயங்காது என்பதைப் பெரும்பாலான குழந்தைகள் 5 வயதிலிருந்து 7 வயதுக்குள் புரிந்துகொள்ளத் தொடங்குகிறார்கள். 9 வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே தெரியும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லும்போது, தெருவில் கேட்கும் ஒப்பாரி ஒன்றைச் சொல்கிறது, பெரியவர்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள். நடந்தது என்னவென்று யாரிடமும் கேட்கக்கூடாது என்பதை மட்டும் பிள்ளை தெளிவாகக் கற்றுக்கொள்கிறது. பெரியவர்கள் இரக்கத்தினால்தான் அப்படிச் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அழுவதற்கு ஒரு குழந்தைக்குப் பாதுகாப்பான மடி வேண்டும். அது இல்லாத இடத்தில் குழந்தை அழாமல் இருப்பதை அன்பின்மை என்று எண்ண வேண்டாம்.

பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். பாஸ்டன் பகுதியில் 70 குடும்பங்களைச் சேர்ந்த, 6 முதல் 17 வயது வரையிலான 125 குழந்தைகளை, பெற்றோரில் ஒருவரை இழந்த பிறகு ஈராண்டுகள் வில்லியம் வோர்டனும் ஃபிலிஸ் சில்வர்மேனும் தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டாம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்குக் கவனிக்கத்தக்க மனச் சிரமங்கள் இருந்தன. மற்றவர்கள் துயரத்தோடே ஒருவாறு ஊன்றி நின்றார்கள். எந்தக் குழந்தை எப்படி மீளும் என்பதை மிகுதியாகத் தீர்மானித்தது, உயிரோடிருக்கும் பெற்றோர் எந்த நிலையில் இருந்தார் என்பதுதான். லண்டனில் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் நடத்தி 1978-இல் வெளியிட்ட ஆய்வு, 11 வயதுக்கு முன் தாயை இழந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது; அவர்களே பின்னர் மேலும் ஆராய்ந்தபோது, இழப்பைவிட, அதற்குப் பின் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பராமரிப்பின் குறையே பெரிதும் காரணமாகத் தெரிந்தது. சுருங்கச் சொன்னால், இழப்பு நிகழ்ந்த நாளைவிட அதற்கு அடுத்த ஆண்டுகள் முக்கியம்.

அந்த அடுத்த ஆண்டுகள் நம் வீடுகளில் எப்படி இருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். கணவரை இழந்த பெண்ணின் பூவையும் பொட்டையும் சடங்காகக் களையும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. காலையில் பள்ளிக்கு அனுப்பிய அம்மாவின் முகமே மாறிவிடுவதைப் பார்க்கும் குழந்தை, ஒரே வாரத்தில் அப்பாவை முழுவதுமாகவும் அம்மாவைப் பாதியாகவும் இழக்கிறது. கல்யாண வீட்டில் அம்மா பின்னால் போய் நிற்பதைக் காண்கிறது. தந்தையோடு கல்வி போகும் என்று முன்னோர் சொன்னது வெறும் வார்த்தையல்ல, வருமானம் நின்ற வீட்டில் முதலில் தடுமாறுவது பிள்ளைகளின் படிப்புத்தான். உங்கள் அம்மா அதைப் போகவிடாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறார், அதற்கு அவர் என்ன விலை கொடுத்திருப்பார் என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அத்தனை பாரத்துக்கும் நடுவே, உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேச அவருக்கு நேரமும் இல்லை, அப்படிப் பேசினால் தாங்குமா என்ற அச்சமும் இருந்திருக்கும். வந்தவர்கள் எல்லோரும் மூத்த பிள்ளையிடம் சொல்வது ஒன்றுதான்: அம்மா முன்னால் அழாதே, இனி நீதான் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களிடமும் யாரேனும் சொல்லியிருப்பார்கள். நான் சந்தித்த, இப்படி வளர்ந்த பலர் மிகுந்த பொறுப்புள்ளவர்கள், பிறர் துன்பத்தை விரைவில் உணர்பவர்கள். அதே சமயம் யாரிடமும் உதவி கேட்கத் தெரியாதவர்கள், தொலைபேசி வேளைகெட்ட வேளையில் மணியடித்தால் யாரோ இறந்துவிட்டார்கள் என்றே முதலில் நினைப்பவர்கள். கணவர் தாமதமாக வரும்போது உங்கள் கை நடுங்குவதை நான் இந்த வரிசையில்தான் வைக்கிறேன். வீட்டை விட்டுப் போன ஒருவர் திரும்பி வரமாட்டார் என்பதற்கு உங்களுக்கு அனுபவம் இருக்கிறது.

நேரில் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் விவரிப்பது பதற்றத் தாக்குதல்களைப் போலத் தோன்றுகிறது. அட்ரினலின் திடீரென்று சுரக்கும்போது இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு முட்டும், சாகப்போகிறோம் என்று தோன்றும். சில நிமிடங்களில் உச்சத்தை எட்டிப் பிறகு தானாகவே இறங்கும். இறந்தவருக்கான ஏக்கம் பல மாதங்கள் ஓயாமல் அன்றாட வாழ்வையே முடக்கும் நீடித்த துயர நோய் என ஒன்று உண்டு, உங்கள் கடிதத்தில் அதன் அடையாளங்கள் இல்லை. மனநல மருத்துவர் ஒருவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கு போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எப்போதேனும் தலைகாட்டினால் அன்றே அழையுங்கள். பேச்சு வழிச் சிகிச்சையே உங்களுக்கு முக்கியமானது என்று கருதுகிறேன். தேவைப்பட்டால் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகளை மருத்துவர் தரக்கூடும். அவை பலன் காட்ட வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரங்களாவது ஆகும் என்பதால் நடுவில் விட்டுவிடக் கூடாது.

அல்பிரசோலம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது சில நாட்களுக்கு, அதிகம் போனால் சில வாரங்களுக்கான மருந்து. நான்கு மாதம் தொடர்ந்து போட்டால் உடல் அதற்குப் பழகிவிடும். அதன் விளைவு இரவோடு கலைந்து விடியற்காலைப் படபடப்பைக் கூட்டவும் செய்யலாம். அதற்காக இன்றே நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் பதற்றம் பெருகும், வலிப்புகூட வரலாம். அளவைப் படிப்படியாகக் குறைக்கும் முறையை மருத்துவரே வகுத்துத் தரட்டும்.

மகளிடம் இதையெல்லாம் மறைக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அம்மாவுக்குச் சில நாட்களாகப் பயம் வருகிறது, மருத்துவரிடம் காட்டுகிறேன், இது உன்னால் வந்ததில்லை என்று எளிய வார்த்தைகளில் சொல்லுங்கள். அவளுக்குத் தாத்தா என்றால் சுவரில் மாலை போட்ட படம் மட்டும்தானா என்றும் யோசியுங்கள். இறந்தவரை மறப்பதே குணமாவது என்று ஒரு காலத்தில் எங்கள் துறையிலும் பலர் நம்பினார்கள். பாஸ்டன் குழந்தைகளோ இறந்த பெற்றோரோடு மனத்துக்குள் ஓர் உறவைத் தொடர்ந்து வைத்திருந்தார்கள், அது இயல்பானது என்றே இன்று கருதுகிறோம்.

உங்கள் மருத்துவர் கட்டாயம் கேட்கப்போகும் சில கேள்விகளுக்கு விடை உங்களிடம் இல்லை என்று நினைக்கிறேன்: அப்பா புகைபிடிப்பாரா, அவருக்குச் சர்க்கரை இருந்ததா, அவருடைய உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இதய நோய் வந்ததா, அதற்கு முந்தைய நாட்களில் நெஞ்சுவலி என்று சொன்னாரா. இவை தெரிந்தவர் உங்கள் அம்மா ஒருவர்தான். அடுத்த திவசம் வரும்வரை காத்திருக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவர் பக்கத்தில் அமர்ந்து, மருத்துவர் கேட்கச் சொன்னார் என்றே தொடங்குங்கள். அவர் அழுதால் பேச்சை மாற்றிவிடாதீர்கள், நீங்களும் அழலாம்.