ஆலிஸ் பால் வீட்டில் என்ன பேசுவது?

வணக்கம். ஜனவரி 11, அமெரிக்காவில் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய ஆலிஸ் பால் பிறந்தநாளுக்கு, நியூ ஜெர்சி மவுண்ட் லாரலில் அவர் வளர்ந்த பால்ஸ்டேல் வீட்டில் குழந்தைகளை வைத்து நிகழ்ச்சி நடத்த வேண்டும், பேச்சு மட்டும் போட்டால் தூங்கிவிடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், பேச்சைக் குறையுங்கள்.

ஊதா, வெள்ளை, பொன்னிறத்தில் நீளமாக ஒரு கொடி தைத்துக்கொண்டு போங்கள். பெண்கள் வாக்குரிமைத் திருத்தத்தை ஒவ்வொரு மாநிலம் ஏற்றபோதும் ஆலிஸ் தரப்பினர் இதே நிறக் கொடியில் ஒரு நட்சத்திரம் சேர்த்தார்கள். 1920 ஆகஸ்டில் டென்னசி, திருத்தம் நிறைவேறத் தேவையான 36ஆவது மாநிலமாக ஏற்றதும், அந்தக் கொடியைத் தங்கள் அமைப்பின் தலைமையக மாடியிலிருந்து விரித்துத் தொங்கவிட்டார் ஆலிஸ். துணி நட்சத்திரங்களைக் குழந்தைகள் கையில் கொடுத்து, மாநிலப் பெயரைச் சொல்லி ஒட்டவிடுங்கள். ஊசி வேண்டாம், வம்பு!

பேசுவதானால் அந்த வீட்டைப் பற்றியே பேசுங்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம், பண்ணை வீடு. வாக்குரிமைக் கூட்டங்களுக்கு மகளைக் கூட்டிப்போனவர் அம்மா டேசி. வெள்ளை மாளிகை வாசலில் ஆலிஸ் தரப்பினரின் வாக்குரிமை மறியல் தொடங்கியது 1917 ஜனவரி 10, மறுநாள் ஆலிஸுக்கு 32 வயது. பிறந்தநாளன்று சொல்ல இதைவிடப் பொருத்தமான செய்தி கிடைக்காது.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். ஆலிஸ் முன்னின்று நடத்திய 1913 வாஷிங்டன் வாக்குரிமை ஊர்வலத்தில் கறுப்பினப் பெண்களைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள், கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் மறுத்து, தன் மாநிலமான இல்லினாய் அணியோடு நடந்தார். பெரிய பிள்ளைகள் எப்படியும் கேட்பார்கள்.

பழைய வீடு என்பதால் மெழுகுவர்த்தி, சுவரில் ஒட்டுவது எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.