கோல்ஃப் ஸ்விங்கைப் புத்தகம் படித்தே கற்றுக்கொள்ள முடியுமா?

“பயிற்சியாளரிடம் தொடர்ந்து போகும் நிலையில் இல்லை. அடிக்கும் பந்தெல்லாம் வலப்பக்கம் வளைந்து போகிறது. நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள், படித்தே ஸ்விங்கைச் சரிசெய்துகொள்கிறேன்” என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் புத்தகத்தைப் படிக்கும் முன் உங்கள் பந்தைப் படித்துவிடுங்கள். அந்த வரிசை மாறினால், படிக்கப் படிக்க ஆட்டம் கெடும்.

இந்தப் பேச்சு வந்தாலே லாரி நெல்சனை யாராவது இழுத்து வருவார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பி, 21 வயதில்தான் அவர் கோல்ஃப் மட்டையைத் தொட்டார். புகழ்பெற்ற அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகனின் ‘ஃபைவ் லெஸன்ஸ்’ நூலைப் படித்துப் பழகினார். பிறகு 1981, 1987 ஆகிய ஆண்டுகளில் பிஜிஏ சாம்பியன்ஷிப்பையும், 1983இல் அமெரிக்க ஓப்பனையும் வென்றார். எல்லாம் உண்மைதான். கூடவே இன்னொன்றும் உண்மை: முதல் ஆட்டத்திலேயே 100 அடிகளுக்குக் கீழே முடித்தவர் அவர் (கோல்ஃபில் அடிகள் குறைந்தால்தான் நல்லது), ஒன்பது மாதத்தில் 70க்குக் கீழே வந்துவிட்டார். அப்படிப்பட்ட உடலுக்கு எந்தப் புத்தகமும் நல்ல புத்தகம்தான். உங்களுக்கும் எனக்கும் அவர் சான்றாக மாட்டார்.

அந்த ஹோகன் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். எல்லோரும் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். 1957இல் வெளிவந்தது, ஹெர்பர்ட் வாரன் விண்ட் உடன் எழுதினார், ஆன்டனி ராவியெல்லி வரைந்தார். அந்த ஓவியங்களுக்காகவே அதை வாங்கலாம் என்பேன். உள்ளங்கையில் மட்டை எங்கே குறுக்கே படிய வேண்டும், எந்த விரல் இறுக்க வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதைப் புகைப்படம் காட்டாத அளவுக்குக் கோடுகள் காட்டிவிடுகின்றன.

ஆனால் ஹோகனுக்கு இருந்த தொல்லை என்ன? பந்து இடப்பக்கம் சுருண்டு விழும் ஹூக். அதனோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டி, அதை அடக்கிய பிறகு எழுதிய நூல் இது. அதில் அவர் சொல்லும் பிடியைப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருமிடத்தில் உண்டாகும் ‘வி’ வடிவம் இடக்கையில் வலக்கண்ணையும், வலக்கையில் மோவாயையும் நோக்க வேண்டும் என்கிறார். பந்தைத் தொடும் நேரத்தில் மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, இடப்பக்கம் மூடிக்கொண்டுவிடாமல் காக்கும் பிடி அது. உங்கள் பந்து வலப்பக்கம் வளைகிறது என்றால் உங்கள் மட்டையின் முகம் ஏற்கெனவே திறந்தபடி, அதாவது வீசும் பாதையைவிட வலப்பக்கம் பார்த்தபடி, வருகிறது. அவருடைய பிடியை அச்சுப்பிசகாமல் பின்பற்றினால் அது இன்னும் திறக்கும். வேறொருவர் நோய்க்கு எழுதிய மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது போலத்தான் இது. மருந்தில் குறையில்லை, மருத்துவரிடமும் குறையில்லை.

பெரிய ஆட்டக்காரர்கள் எழுதிய புத்தகங்கள் பெரும்பாலும் இப்படித்தான். தனக்கு எது தானாக வந்ததோ அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. எதற்காக மல்லாடினாரோ அதற்கு ஓர் அத்தியாயமே இருக்கும். ஆகவே எந்த நூலைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது, இவர் எந்தப் பிழைக்குப் பயந்தவர் என்பதைத்தான்.

‘விதி’ என்று அச்சிடப்பட்டதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கை நேராக இருக்க வேண்டும் என்று சொல்லாத நூலைக் காண்பது அரிது. கால்வின் பீட்டுக்குச் சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து இடமுழங்கை முறிந்தது. அந்தக் கையை அதன் பிறகு அவரால் முழுதாக நீட்டவே முடியவில்லை. 23 வயதில் ஆடத் தொடங்கியவர் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித்தொடரான பிஜிஏ டூரில் 12 பட்டங்கள் வென்றார். 1981 முதல் 1990 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள், டிரைவர் எனப்படும் நெடுந்தூர மட்டையால் பந்தை நேர்ப்பாதையில் நிறுத்துவதில் அவரே முதலிடம். மடங்கிய கையோடு!

இனி உங்கள் பந்துக்கு வருவோம். இங்கே பழைய புத்தகங்கள் பலவற்றில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. மட்டை எந்தப் பாதையில் வீசப்படுகிறதோ அந்தத் திசையில் பந்து கிளம்பும், பிறகு முகம் பார்க்கும் திசைக்கு வளையும் என்று அவை சொல்லிவந்தன. ரேடார் கருவிகள் வந்து அளந்து பார்த்தபோது நிலைமை ஏறக்குறைய தலைகீழாக இருந்தது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவுசெய்வது முகம்தான். டிரைவரில் சுமார் 85 சதவீதமும், குறைந்த தூரத்துக்கான அயர்ன் மட்டைகளில் சுமார் 75 சதவீதமும் அதன் பங்கு. முகத்துக்கும் பாதைக்கும் இடையே உள்ள விலகல்தான் பந்தை வளைக்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பந்து இலக்கின் இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால், முகம் இலக்கின் இடப்பக்கம்தான் பார்த்தது, பாதை அதைவிட இடப்பக்கம் ஓடியது என்று பொருள். வலப்பக்கமே கிளம்பி மேலும் வலப்பக்கம் போனால், முகம் இலக்கைத் தாண்டித் திறந்தே வந்திருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஸ்லைஸ் எனப்படும் வலப்பக்க வளைவுதான், மருந்து வேறு. முதல் வகைக்காரர் பாதையைத் திருத்த வேண்டும். இரண்டாம் வகைக்காரர் பிடியில் தொடங்க வேண்டும்: இரு கைகளின் ‘வி’யும் வலத்தோளை நோக்கும்வரை கைகளைக் கைப்பிடியில் வலப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். பந்து வலப்பக்கம் போகிறதே என்று இடப்பக்கம் குறிபார்த்து நிற்பது எல்லோரும் செய்வது. அதனால் பாதை இன்னும் இடப்பக்கம் இழுபடும், வளைவு கூடும்.

இதற்கும் முன்னதாக ஒரு சோதனை உண்டு. மட்டையின் முகத்தில் வெள்ளைப்பலகைப் பேனாவால் பூசிவிட்டு அடித்துப் பாருங்கள். பந்து பட்ட இடத்தில் மை அழிந்திருக்கும். டிரைவரில் பந்து குதிப் பக்கம், அதாவது தண்டை ஒட்டிய பக்கம் பட்டாலே வலப்பக்கம் வளையும். அதற்குப் பிடியையும் பாதையையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பந்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறீர்கள் என்பதைப் பார்த்தால் போதும்.

எந்த அத்தியாயத்தை நம்பலாம் என்று கேட்டால், அசையாதவற்றைப் பற்றியவை எல்லாவற்றையும். பிடி, கால்களின் அகலம், முதுகின் சாய்வு, பந்தை வைக்கும் இடம், தோள்கள் பார்க்கும் திசை. இவற்றைப் புத்தகம் பயிற்சியாளரைவிடப் பொறுமையாகச் சொல்லித்தரும். மட்டையை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்து விரல்களை அடுக்கிப் பார்க்கலாம், அவசரம் இல்லை.

மட்டை நகரத் தொடங்கியதும் புத்தகம் தடுமாறுகிறது. டவுன்ஸ்விங், அதாவது மட்டை மேலிருந்து பந்துக்கு இறங்கும் வீச்சு, முழுவதும் சுமார் கால் நொடியில் முடிந்துவிடும். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இந்த இடைவெளிக்குள் நான்கு பத்தி அறிவுரையை நினைவுகூர யாராலும் முடியாது. புத்தகம் என்ன செய்யும்? அந்தக் கால் நொடியைப் பத்துப் படங்களாக நறுக்கி வைக்கும். நாமும் ஒவ்வொரு படத்தின் நிலைக்கும் உடலைக் கொண்டுபோய் நிறுத்தப் பார்ப்போம். ஆட்டக்காரரோ அந்த நிலைகளில் நிற்கவே இல்லை, அவற்றைக் கடந்து போனார்.

‘லேக்’ எனப்படும் மணிக்கட்டுக் கோணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டவுன்ஸ்விங் பாதியில் எடுத்த படத்தில் வல்லுநரின் முன்கைக்கும் மட்டைக்கும் இடையே கூர்மையான கோணம் தெரியும். உடனே வாசகர் அந்தக் கோணத்தை இறுக்கிப் பிடித்துவைக்க முயல்கிறார். வல்லுநர் எதையும் பிடித்துவைக்கவில்லை. உடல் முதலில் திரும்பியதால், தளர்ந்த மணிக்கட்டில் அந்தக் கோணம் தானாக உண்டாயிற்று. அது விளைவு. விளைவைக் காரணமாக நினைத்து இறுக்கினால் முகம் திறந்தபடி வந்து சேரும், ஸ்லைஸ் முன்பைவிட மோசமாகும். நீங்கள் இதில்தான் கவனமாக இருக்க வேண்டும்.

அப்படியானால் இயக்கத்தைப் பற்றிய பக்கங்களை என்ன செய்வது? நான் அவற்றை வேறு சொற்களில் மாற்றி எழுதிக்கொள்வேன். “இடுப்பை இடப்பக்கம் திருப்பு” என்று இருந்தால், “பந்துக்கு இலக்குப் பக்கம் இருக்கும் புல்லைத் தொடு” என்று மாற்றுவேன். உடல் உறுப்பைப் பற்றிய கட்டளையைக் களத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒன்றாக மாற்றுவதுதான் உத்தி. இதற்கு ஆய்வின் துணையும் உண்டு: காப்ரியேலே வுல்ஃபும் சக ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கைகளின் அசைவைக் கவனித்த புதியவர்களைவிட மட்டையின் அசைவைக் கவனித்தவர்கள் பந்தைத் துல்லியமாக அடித்தார்கள். எர்னஸ்ட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளர் இதை வெகுகாலத்துக்கு முன்பே பிடித்துவிட்டார். முதல் உலகப் போரில் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர், ஒற்றைக் காலில் நின்றும் நன்றாகவே ஆடினார். மட்டைத் தலையை வீசு, மற்ற உறுப்புகள் பின்னால் வரும் என்பதே அவர் போதனை.

கைப்பேசியில் படம் பிடியுங்கள். கேமரா உங்கள் கைகளின் உயரத்தில் இருக்கட்டும். ஒரு முறை நேர் எதிரே, ஒரு முறை இலக்குக்கோட்டின் பின்னால். நாம் செய்வதாக உணர்வதும் உண்மையில் செய்வதும் வேறு வேறு என்பது அப்போதுதான் தெரியும். நினைத்ததில் பாதிகூட உடல் செய்திருக்காது.

புத்தகத்தின் பெயரைக் கேட்டீர்கள். ஒன்றே ஒன்று என்றால் ஜான் ஜேக்கப்ஸ் 1972இல் எழுதிய ‘பிராக்டிகல் கோல்ஃப்’. பந்து பறப்பதைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் முறையில் எழுதப்பட்டது, அதனால் வாசகரின் நோயிலிருந்து தொடங்குகிறது. பிடி, நிற்கும் நிலை இரண்டுக்கும் ஹோகனைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ‘வி’ நோக்கும் திசையை மட்டும் மாற்றிக்கொண்டு. பயிற்சியாளர் ஹார்வி பெனிக்கின் 1992ஆம் ஆண்டு நூலான ‘லிட்டில் ரெட் புக்’கில் நுணுக்கம் குறைவு. ஆனால் ஆட்டம் வெறுத்துப்போன மாலைகளுக்கு அதைவிட நல்ல துணை இல்லை. பொறியாளராக இருந்தால் காக்ரனும் ஸ்டாப்ஸும் 1968இல் எழுதிய ‘த சர்ச் ஃபார் த பெர்ஃபெக்ட் ஸ்விங்’ பிடிக்கும். ஹோமர் கெல்லியின் ‘த கோல்ஃபிங் மெஷின்’ பக்கம் மட்டும் இப்போதைக்குப் போகாதீர்கள். ஸ்விங்கை 24 உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பல வகை சொல்லும் நூல் அது. அதைப் படித்து முடிப்பவர்கள் நன்றாக வாதாடுகிறார்கள்.

எதை எடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் படித்தால், ஒருவர் இறுக்கச் சொன்னதை இன்னொருவர் தளர்த்தச் சொல்வார். ஒரே ஒரு முறை பயிற்சியாளரிடம் போகப் பணம் சேர்ந்தால், முழு ஸ்விங்கையும் கற்றுத்தரக் கேட்காதீர்கள். பிடியையும் நீங்கள் குறிபார்த்து நிற்கும் திசையையும் மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள். தோள் எங்கே பார்க்கிறது என்பது நமக்கே தெரியாது. முதுகிலோ மணிக்கட்டிலோ வலி வந்தாலும் புத்தகத்தை மூடிவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் இடக்கையால் ஆடுபவர் என்றால் நான் எழுதிய வலது, இடது எல்லாவற்றையும் மாற்றிப் படியுங்கள். இந்த நூல்களின் படங்கள் பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்கானவை. பக்கத்தைக் கண்ணாடி முன் பிடித்துப் பார்த்தால் உங்களுக்கான படம் கிடைத்துவிடும்.