பாஸ்புக் போட மறுப்பது மரத்துக்காகவா, லாபத்துக்காகவா?

கேள்வி: எங்கள் கிளையில் பாஸ்புக் இயந்திரத்துக்கு மேலே "ஆப்பில் பாருங்கள், மரங்களைக் காப்போம்" என்று ஒட்டியிருக்கிறார்கள். உண்மையிலேயே சுற்றுச்சூழலுக்காகத்தானா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: காகிதம் மிச்சமாவது உண்மைதான், ஆனால் அதைவிட மிச்சமாவது பணம். ஆப்புக்குப் பழகியவர் ஏடிஎம்முக்கும் குறைவாகவே போவார், வங்கிக்கு அந்தச் செலவும் குறையும். நீங்கள் வேறு வங்கியின் ஏடிஎம்மில் ஒருமுறை பணம் எடுத்தால் உங்கள் வங்கி அந்த வங்கிக்கு 19 ரூபாய் கொடுக்கவேண்டும், 2025 மே மாதத்துக்கு முன்பு அது 17. அப்புறம் வங்கியின் சொந்த ஏடிஎம் அறைக்கு வாடகை, ஏசி, பணம் நிரப்ப வரும் வேன். இதெல்லாம் குறைந்தால் லாபம் கூடும். அதேசமயம் யூபிஐயிலும் வங்கிக்கு நேரடி வருமானம் பெரிதாகக் கிடையாது. நீங்கள் டீக்கடையில் 15 ரூபாய் ஸ்கேன் செய்தால், 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் அதற்குக் கட்டணம் வாங்க முடியாது, சர்வர் செலவோ வங்கியின் தலையில். அதை ஈடுகட்டுவது கணக்கில் கிடக்கும் இருப்பும், ஆப் வழியாக விற்கும் கடனும்தான்.

சரி, சுற்றுச்சூழல் கணக்குக்கு வருவோம். பங்குச்சந்தையில் மதிப்பின்படி முதல் 1000 நிறுவனங்கள், வங்கிகள் உட்பட, 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் என்ற, சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய அறிக்கையைத் தரவேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அதில் நிறுவனத்தால் வரும் கரிப்புகையை மூன்றாகப் பிரிப்பார்கள். ஜெனரேட்டர் டீசல் போல நேரடியாக எரிப்பது ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, இந்த இரண்டும் கட்டாயம். மற்றதெல்லாம் ஸ்கோப் 3, அதை விருப்பமிருந்தால் சொன்னால் போதும். எனக்கு மனசு ஒப்பாத இடம் இதுதான். தன் கட்டடத்தில் ஓடிய சர்வர்களை நிறுத்திவிட்டு ஒரு வங்கி கிளவுடுக்கு, அதாவது வேறு நிறுவனத்தின் வாடகை சர்வர்களுக்கு மாறினால், அந்த மின்சாரம் ஸ்கோப் 2-லிருந்து கழன்று ஸ்கோப் 3-க்குப் போய்விடும். அறிக்கையில் புகை குறைந்ததாகத் தெரியும், ஆனால் அந்த சர்வர் வேறோர் ஊரில், பெரும்பாலும் நிலக்கரியில் எடுத்த மின்சாரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். இதையெல்லாம்விடப் பெரியது வங்கி கொடுக்கும் கடன். ஓர் அனல்மின் நிலையத்துக்குக் கடன் கொடுத்தால் அதன் புகையில் ஒரு பங்கு வங்கியின் ஸ்கோப் 3-இல் வரவேண்டும், ஊரில் உள்ள அத்தனை பாஸ்புக்கையும் நிறுத்தினாலும் அதற்கு ஈடாகாது.

கேள்வி: என் அப்பாவுக்கு ஆப் பார்க்கத் தெரியாது. பாஸ்புக் கேட்டால் தப்பா?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: தப்பே இல்லை, தாராளமாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். உங்களிடம் அந்த வங்கியின் பங்கு இருந்தால் ஆண்டறிக்கையில் பிஆர்எஸ்ஆர் பகுதியைத் திறந்து, சுற்றுச்சூழலைப் பற்றிய ஆறாவது கோட்பாட்டின் கீழ் ஸ்கோப் 3-க்கு எண் போட்டிருக்கிறார்களா, அதில் கடன்களையும் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு.