படுக்கையறைக்கு எந்த அளவில் கார்பெட் வாங்கலாம், எங்கே விரிக்கலாம்?

பத்துக்குப் பன்னிரண்டு அறை, குயின் சைஸ் கட்டில், காலையில் டைல்ஸில் கால் வைத்தால் சில்லென்று இருக்கிறது, ஒரு கார்பெட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் நான் முதலில் வாங்கிய மாதிரி வாங்காதீர்கள்.

எங்கள் வீடு ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம். நான்கு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு கடையில், கையை வைத்தால் விரல் புதைகிற மாதிரி புசுபுசுவென்று வெள்ளை கார்பெட் ஒன்றைப் பார்த்து மயங்கி எடுத்து வந்தேன். நாலுக்கு ஆறு அடி. கால்மாட்டில் விரித்தால் யானை முதுகில் கைக்குட்டை போட்ட கணக்காக இருந்தது. ஊரிலிருந்து வந்த அமுச்சி (அம்மாவின் அம்மா) அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, குரும்பாட்டை உரிச்சு விரிச்சாப்புல என்னது இது?" என்றார். பிறகு ஒரு நாள் அதன் மேல் அரை டம்ளர் காபி கொட்டியது. மேலே துடைத்தேன், போய்விட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் ஜன்னலிலிருந்து கார்பெட் வரைக்கும் எறும்பு வரிசை. மயிரை விலக்கிப் பார்த்தால் அடியில் சர்க்கரைப் பாகு அப்படியே ஒட்டிக் கிடக்கிறது. அலசிக் காயப் போட்டேன். மேலே காய்ந்தும் அடி காயாமல் ஒரு வாரம் நாற்றம்.

அதனால் சொல்கிறேன், நம் ஊருக்கு மயிர் உயர்ந்த கார்பெட் சரிப்பட்டு வராது. ஆடிக்காத்தில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காத்து வைகாசி கடைசியிலிருந்தே ஜன்னல் இடுக்கில் மண்ணைக் கொண்டுவந்து போடும். அந்தப் புழுதி மயிருக்குள் இறங்கினால் வேக்குவம் வைத்தும் முழுதாக வராது. வீட்டில் தும்மல், வீசிங் இருக்கிறவர்கள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். தட்டையாக நெய்த பருத்தி விரிப்பு போதும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, வாசலில் இரண்டு உதறு உதறினால் வேலை முடிந்தது.

சரி, அளவுக்கு வருவோம். குயின் கட்டில் ஐந்து அடி அகலம், ஆறரை அடி நீளம். உங்கள் பத்தடிச் சுவரில் தலைமாட்டை நடுவாக வைத்தால் இரண்டு பக்கமும் இரண்டரை அடி மிஞ்சும். ஐந்துக்கு எட்டு விரிப்பு வாங்கி, எட்டடி கட்டிலுக்குக் குறுக்கே வருகிற மாதிரி போடுங்கள். கட்டிலுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடி தெரியும், அதற்கப்பால் சுவரோரம் ஓரடி டைல்ஸ் தெரியும். விரிப்பைத் தலைமாட்டிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கப் போடும்போது பாதம் இறங்குவது கட்டிலின் நடுப்பாகத்தில்தான். அதனால் ஐந்தடியில் மூன்றரை அடி கட்டிலுக்கு அடியில் போகட்டும், ஒன்றரை அடி கால்மாட்டில் வெளியே நிற்கட்டும். படுக்கையோர மேஜையின் கால்கள் டைல்ஸிலேயே ஆடாமல் நிற்கும், அது தனி லாபம்.

எட்டுக்குப் பத்து வாங்கச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்துவார். உங்கள் அறையில் அது சுவருக்குச் சுவர் நெருங்கிவிடும், கால்மாட்டில் பீரோ இருந்தால் அதன் கதவும் விரிப்பின் மேல்தான் திறக்க வேண்டியிருக்கும். விலையைச் சொல்லவே வேண்டாம்.

இதெல்லாம் கால் வைத்த கட்டிலுக்கு. அடியில் பெட்டி வைத்து, டிராயர் இழுக்கிற கட்டில் என்றால் கணக்கே வேறு. டிராயர் விரிப்பில் உரசிக்கொண்டு வரும், அடியில் போன விரிப்பு யாருக்கும் தெரியாது, துவைக்க எடுப்பதற்கு நான்கு ஆள் வேண்டும். எங்கள் கட்டில் அந்த ரகம். நான் செய்தது, இரண்டு பக்கமும் இரண்டடி அகலம், ஆறடி நீளத்தில் இரண்டு நீள விரிப்பு. டிராயர் இழுக்கும்போது காலாலேயே தள்ளிவிட்டுக்கொள்ளலாம். மாப் போட வருகிற அக்காவும் சுருட்டிக் கட்டில் மேல் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார்.

வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய தினத்தந்தியைப் பிரித்து, டேப் ஒட்டி, அந்த அளவுக்குத் தரையில் விரித்து ஒரு ராத்திரி படுத்து எழுந்து பாருங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். எங்கள் அறைக் கதவுக்கும் தரைக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையாது. பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டியதால் வந்த வினை. காகிதம் மெலிசு, தப்பித்தது. கார்பெட் தடிப்பு, கதவில் மாட்டிக்கொண்டது. இன்னொன்று, பாத்ரூம் அறைக்குள்ளேயே இருந்தால் அதன் கதவிலிருந்து இரண்டடிக்குள் இந்த விரிப்பு வரவே கூடாது. ஈரக்கால் தினமும் அதே மூலையில் பட்டுப் பட்டு ஒரு மாதத்தில் கறுத்துவிடும். அங்கே கால் துடைக்கிற கரூர் மிதியடி ஒன்றைத் தனியாகப் போட்டு, வாரம் ஒரு தடவை துவைத்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸ் மேல் பருத்தி விரிப்பு வழுக்கும், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அத்தை ஒரு தடவை நடு ராத்திரியில் எழுந்து, விரிப்போடு சேர்ந்து ஒரு சறுக்கு சறுக்கிக் கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தப்பித்தார். கார்பெட் கடைகளிலேயே ரப்பர் வலை கிடைக்கிறது. விரிப்பைவிட நான்கு பக்கமும் ஓரங்குலம் குறைத்து வெட்டி அடியில் போடுங்கள். விரிப்பின் பாதி கட்டில் காலுக்கு அடியில் மாட்டியிருந்தால் இது அவ்வளவு தேவைப்படாது. நீள விரிப்புக்குக் கட்டாயம் வேண்டும்.

எங்கே வாங்குவது என்றால், நான் பவானிக்குப் போகச் சொல்வேன். பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது, நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சீர், கல்யாணம், ஊர்க்கூட்டம் என்றால் விரிக்கிற அந்தச் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைதான். ஆனால் படுக்கையறையில் போடலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. தரையில் குழி வெட்டி அமைத்த குழித்தறியில், குறுக்கே போகிற ஊடை நூலைத் தடிப்பாகக் கொடுத்து நெருக்கி அடிப்பதால், நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் வெளியே தெரியாது, அதனால்தான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மங்கினால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். அளவும் சொல்லி நெய்து வாங்கலாம். எங்களுக்கு இரண்டு விரிப்பும் அப்படித்தான் வந்தது. கடையிலேயே வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஓரமாகத் தேய்த்துப் பாருங்கள், சிவப்பு ஒட்டினால் வேறு எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் தடவை தனியாக அலசுங்கள், மற்ற துணியோடு போட வேண்டாம். நனைந்தால் கனம் தாங்காது, மொட்டை மாடிக்குத் தூக்கிப் போக ஆள் வைத்துக்கொண்டு நனையுங்கள். வெயிலில் போடாமல் நிழலில் காயவிட்டால் சாயம் நிற்கும்.

போகும்போது அளவு எழுதின சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். நான் முதல் தடவை அதை டிவி மேலேயே வைத்துவிட்டு, பவானி ஆறும் காவிரியும் சேர்கிற கூடுதுறையில் குளித்து, கோயிலும் கும்பிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.