மாமல்லபுரத்தில் அம்மாவுடன் 2 இரவு: எந்த அறை?

குடியாத்தத்திலிருந்து முழங்கால் வலியுள்ள அம்மாவை மாமல்லபுரம் அழைத்துப் போகிறீர்கள். சின்ன விடுதியில் கடல் தெரியும் மாடி அறைக்குக் கூடுதல் வாடகை தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சார். சின்ன விடுதிகளில் பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது, படிகளும் செங்குத்து. தரைத்தள அறையே கேளுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். போட்டோவை நம்பாமல், ஜன்னலிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். எனக்குக் காட்டிய 'கடல் பார்த்த அறை'யில், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நாலு விரல் அகலத்துக்குத்தான் கடல் தெரிந்தது!

வேலூர் வெயிலில் அரை மணியில் காயும் துண்டு, அந்த உப்புக் காற்றில் மறுநாளும் பிசுபிசுவென்றுதான் இருக்கும். கூடுதலாக இரண்டு எடுத்து வையுங்கள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கும், உள்ளே போனதும் ஒருமுறை போட்டுத் திறந்து பாருங்கள்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகலாம். விடியலில் அம்மாவைக் கரையில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், சூரியன் கடலிலிருந்துதான் எழும். குளிக்க மட்டும் இறங்காதீர்கள், அங்கே இழுப்பு அதிகம். அப்புறம், நம்ம பாலாறு கடலில் கலக்கும் இடமும் தெற்கே கல்பாக்கம் தாண்டித்தான் இருக்கிறது.