சேர்வர் விழுந்தா ஆர் சொல்லுறது? கேள்வி பதில்

பரந்தனில கடை வச்சிருக்கிறவர்: அண்ணை, பில்லிங் ஓடுற ஒரே ஒரு உபுண்டு சேர்வர்தான் இருக்கு. சேர்வரைக் கண்காணிக்கிற ஸபிக்ஸ் எண்ட மென்பொருளைப் போடவோ?

ஒரு பெட்டிக்கு ஸபிக்ஸ் எதுக்கு தம்பி, அதுக்கு டேட்டாபேஸ் வேணும், வெப் சேர்வர் வேணும், பேந்து அதைப் பாக்கிறதுக்கே ஒரு ஆள் வேணும். நெட்டேட்டா எண்ட கண்காணிப்பு மென்பொருளைப் போடுங்கோ, 19999 போர்ட்டில பிரவுசராலயே பாக்கலாம், செக்கனுக்குச் செக்கன் காட்டும். அந்தப் போர்ட்டை மட்டும் ரவுட்டரில திறந்து வெளியில விட்டிடாதேங்கோ.

கிளிநொச்சி, ஒரு சங்கத்தில வேலை: ஒபிசில ஸபிக்ஸ் ஓடுது. மல்லாவிக் கிளையிலயும் ஒட்டுசுட்டான் கிளையிலயும் 4ஜி லைன். அங்க சேர்வரின்ர நிலவரத்தைச் சொல்லுற ஏஜென்ட் எண்ட சின்ன மென்பொருள் போட்டாச்சு, ஆனா சேர்வரால பிடிக்க ஏலாமக் கிடக்கு.

இஞ்ச கனபேர் மாட்டுப்படுற இடம் இதுதான். சும்மா விட்டா சேர்வர்தான் ஏஜென்டைத் தேடி 10050 போர்ட்டுக்குப் போகும், 4ஜியில உங்கட கிளைக்கெண்டு தனி ஐபி கிடையாது, கனபேரோட சேர்த்து ஒரு ஐபிக்குப் பின்னால நிக்கிறீங்கள், அப்ப வெளியில இருந்து ஒண்டும் உள்ள வராது. ஆக்டிவ் முறைக்கு மாத்துங்கோ. ஏஜென்டே சேர்வரின்ர 10051க்கு வந்து குடுத்திட்டுப் போகும். கொன்ஃபிக் ஃபைலில சேர்வர்ஆக்டிவ் எண்ட வரியில கிளிநொச்சி ஐபி, ஹோஸ்ட்நேம் வெப்பில குடுத்த பேரோட எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேணும், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலும் சரிவராது. டெம்ப்ளேட்டும் (என்னென்ன பாக்க வேணுமெண்ட பட்டியல்) ஆக்டிவ் எண்டு முடியிறதை எடுங்கோ. கிளிநொச்சியிலயும் நிரந்தர ஐபி இல்லாட்டி வெளியில ஒரு சின்ன விபிஎஸ் (இன்ரநெட்டில வாடகைக்கு எடுக்கிற சேர்வர்) எடுத்து அதில ஸபிக்ஸை வையுங்கோ, என்னைக் கேட்டா அதுதான் எப்பிடியும் நல்லது. பிஎஸ்கே (ரெண்டு பக்கமும் ஒரே இரகசியச் சாவி) குறியாக்கத்தையும் போட்டுவிடுங்கோ.

இன்னொண்டு, ஏஜென்ட் 2 போட்டா பெர்சிஸ்டென்ட் பஃபர் எண்டு ஒரு வசதி இருக்கு. லைன் போன நேரத்து டேட்டாவை டிஸ்கில எழுதி வச்சிருந்து லைன் வந்தோடன அனுப்பும். நீங்களாத்தான் ஓன் பண்ண வேணும், அப்பிடியே விட்டா 1 மணித்தியாலத்து டேட்டாதான் நிக்கும், எங்கட பக்கம் அது காணாது, கூட்டி விடுங்கோ.

நெடுங்கேணி: கரண்ட் போனா சேர்வரும் போகுது, அதைப் பாக்கிற சேர்வரும் சேந்து போகுது. ஆர் மெசேஜ் அனுப்புறது?

ஒருத்தரும் இல்லை! அதுதான் சொல்லுறன், பாக்கிற ஆள் வெளியில நிக்க வேணும். வெளியில ஒரு விபிஎஸ்ஸில அப்டைம் கூமா எண்ட கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு அதில புஷ் எண்ட வகையை எடுங்கோ. உங்கட சேர்வர் குரோனால (நேரத்துக்கு நேரம் வேலை ஓட்டுற வசதி) நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு லிங்கைத் தட்டும், தட்டாட்டி டெலிகிராமுக்கு மெசேஜ் வரும். லைன் போச்சுதோ கரண்ட் போச்சுதோ எண்டு அது பிரிச்சுச் சொல்லாது. யூபிஎஸ்ஸை யூஎஸ்பியால இணைச்சு நட் எண்ட மென்பொருளையும் போட்டீங்களெண்டா பற்றரி குறையேக்க சேர்வரை ஒழுங்கா நிப்பாட்டும். பழைய பற்றரி லோ எண்டு சொல்ல முன்னமே செத்துப்போகும், அதால இக்னோர்எல்பி (யூபிஎஸ் சொல்லுற லோவைக் கணக்கெடுக்காதே எண்ட அமைப்பு) போட்டு 50 சதவீதத்திலயே நிப்பாட்டச் சொல்லுங்கோ.

வவுனியா கம்பஸ் மாணவி: அண்ணா, புரோமிதியஸ் எண்ட கண்காணிப்பு மென்பொருள் போட்டன். இரவிரவா அலேட். போனை நிப்பாட்டிட்டுத்தான் படுக்கிறன்.

ஊரில எல்லா நாயும் குலைச்சா கள்ளன் வந்தாலும் ஆரும் எழும்பமாட்டினம் தங்கச்சி. சிபியு 80 தாண்டினா அலேட் எண்டு போட்டிருப்பீங்கள், அதைத் தூக்குங்கோ, சிபியு வேலை செய்யத்தானே இருக்கு. அலேட் ரூலில ஃபோர் (எவ்வளவு நேரம் நீடிச்சாக் கத்த வேணும்) எண்ட இடத்தில 5 நிமிசம் குடுத்தா சும்மா ஏறி இறங்கிறதுக்குக் கத்தாது. மெசேஜ் வந்தா எழும்பி ஏதாவது செய்வனோ எண்டு கேட்டுப் பாருங்கோ, செய்யமாட்டனெண்டா அது அலேட் இல்லை, வரைபடம் காட்டுற கிரஃபானாவில விடிய பாக்கிற விசயம். டிஸ்க் 4 மணித்தியாலத்தில நிறையப் போகுது, பக்கப் எடுபடேல்லை, இந்த மாதிரி நாலைஞ்சு காணும்.

அதே தங்கச்சி: பழைய டேட்டா எவ்வளவு காலம் நிக்கும்?

ஒண்டும் மாத்தாட்டி 15 நாள். கூட்டலாம், அப்ப அளவுக்கும் ஒரு எல்லை வச்சுவிடுங்கோ, டிஸ்கைப் பாக்கப் போட்டதே டிஸ்கை நிரப்பிப்போட்டு நிக்கும்.

முல்லைத்தீவு, ஐசிடி ரீச்சர்: பள்ளிக்கூட சேர்வரில 8 ஜிபி ரம், 7க்கு மேல போட்டுது எண்டு காட்டுது. புதுசா வாங்க வேணுமோ?

காசை வச்சிருங்கோ ரீச்சர். மிச்சமிருக்கிற ரம்மை லினக்ஸ் ஃபைல் கேஷுக்கு எடுக்கும், தேவையெண்டா உடன விட்டுக்குடுக்கும். ஃப்ரீ எண்டு கொமாண்ட் அடிச்சு அவைலபிள் எண்ட நிரலைப் பாருங்கோ, அதில 2 ஜிபி கிட்ட நிண்டா பிரச்சினையில்லை. ஸ்வாப் (ரம் காணாட்டி டிஸ்கில எடுக்கிற இடம்) விடாமல் உள்ளயும் வெளியயும் போய்வந்தால்தான் ரம் வாங்கிறதைப் பற்றிக் கதைப்பம். கண்காணிப்பு மென்பொருளின்ர அட்மின் பாஸ்வேர்டை மாத்தினனீங்களோ? ஸபிக்ஸ் எண்டா முதல் வாறது ஸபிக்ஸ் எண்ட பாஸ்வேர்ட்தான், உங்கட பெடியளுக்கு அது கட்டாயம் தெரியும்.