வாங்கும்போது மணத்த ரோஜா வீட்டில் ஏன் மணக்கவில்லை?

கேள்வி: நர்சரியில் முகர்ந்து பார்த்து, வாசம் பிடித்துப்போய் ஒரு கருஞ்சிவப்பு ரோஜா வாங்கினேன். கூடவே ஒரு மஞ்சள் ரோஜாவும். ஒரு வருடம் ஆகப்போகிறது. சிவப்பில் இப்போது வாசமே இல்லை, இதழ் ஓரமும் கருகுகிறது. மஞ்சளில் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து உதிர்ந்து, வெறும் குச்சியாக நிற்கிறது. நல்ல மணம், நல்ல நிறம், நோய் அண்டாத உடம்பு மூன்றும் ஒரே செடியில் கிடைக்குமா? வேலை முடிந்து வந்து மாலையில்தான் செடிகளைக் கவனிக்கிறேன். குழாயைப் பிடித்து நன்றாக நனைத்துத்தான் தண்ணீர் விடுகிறேன்.

பதில்: கடைசி இரண்டு வரியை எழுதினீர்களே, நல்லதாகப் போயிற்று. பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. தண்ணீர் விடுவதும் மாலையில், பூவை முகர்வதும் மாலையில்தான் என்று நினைக்கிறேன். இரண்டுக்குமே அது சரியான நேரம் இல்லை.

ரோஜாவின் மணம் பெரும்பாலும் இதழின் மேல்தோலிலிருந்து வருகிறது. ஜெரானியால், சிட்ரோனெல்லால் போன்ற, எளிதில் ஆவியாகிவிடும் பொருட்கள் அங்கே உருவாகின்றன. பகல் முழுக்க வெயிலும் காற்றும் பட்ட பூவில் சாயங்காலம் மிச்சம் அதிகம் இருக்காது. காலையில், பனி உலர்ந்து வெயில் லேசாகச் சூடேறும்போது, பாதி விரிந்த பூவாகப் பார்த்துப் போங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துப் பூவை மூடி, வாயால் மெதுவாக ஒரு தடவை சூடாக ஊதி, அப்புறம் முகருங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்தச் சூட்டில் மணம் எழும்பி வரும். மூன்று நாலு நாள் இப்படிச் செய்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால்தான் செடியைச் சந்தேகப்பட வேண்டும்.

அப்படிச் சந்தேகம் வந்தால் முதலில் குனிந்து ஒட்டுக் கட்டிய இடத்தைப் பாருங்கள். மண்ணை ஒட்டித் தண்டில் முண்டு மாதிரி ஒன்று இருக்கும். அதற்குக் கீழிருந்து ஏதாவது போத்து கிளம்பியிருக்கிறதா? அது நீங்கள் வாங்கிய ரோஜா இல்லை, வேருக்காக வைத்த அடிச்செடி. நானே ஒரு முறை இதில் ஏமாந்தேன். வெளிர்பச்சை இலையோடு ஒரு போத்து கிடுகிடுவென்று வளர்ந்தது. செடி தேறிவிட்டது என்று குஷியாகி உரம் வேறு போட்டேன். மேலே இருந்த நல்ல ரோஜா மெலிந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் புத்தி வந்தது. உங்கள் செடியில் இப்போதும் சிவப்புப் பூதானே வருகிறது என்பீர்கள். அதையும் நம்ப முடியாது. அடிச்செடியாகப் பரவலாகப் பயன்படும் ‘டாக்டர் ஹ்யூயி’ என்ற ரோஜாவின் பூவே கருஞ்சிவப்புதான். ஆனால் இதழ் அடுக்கு குறைவு, நடுவில் மஞ்சள் மகரந்தம் தெரியும். அப்படிப் போத்து இருந்தால் மண்ணைத் தோண்டி, அது வேரோடு சேரும் இடத்தில் பிடித்துக் கிழித்தெடுங்கள். மேலே கத்தரித்தால் ஒன்றுக்கு நாலாகக் கிளைக்கும்.

சிவப்பு என்றாலே மணக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ‘பாப்பா மெய்லாண்ட்’, ‘மிஸ்டர் லிங்கன்’ மாதிரி 1960களில் வந்த பெயர்பெற்ற சிவப்புகள் உண்டாக்கிவிட்ட நம்பிக்கை அது. ரோஜா மணத்தை எந்த நொதி உருவாக்குகிறது என்று பிரான்ஸ் விஞ்ஞானிகள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட இரண்டு வகைகள்: கமகமவென்று மணக்கும் ‘பாப்பா மெய்லாண்ட்’, மணமே அநேகமாக இல்லாத ‘ரூஜ் மெய்லாண்ட்’. இரண்டும் சிவப்பு, இரண்டும் ஒரே குடும்பத்தார் உருவாக்கியவை. நிறத்தை வைத்து மணத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

இதழ் ஓரம் கருகுவது நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. அடர்ந்த நிறம் சூட்டை இழுத்து வைத்துக்கொள்ளும். உச்சி வெயில் நேராக விழுந்தால் கருஞ்சிவப்புதான் முதலில் பொசுங்கும். காலை முதல் ஆறு மணி நேரம் வெயில் கிடைத்து, பிற்பகலில் கொஞ்சம் நிழல் விழும் இடம் அதற்குப் போதும். மொட்டே விரியாமல் பழுப்பேறினால் மட்டும் ஒன்றைப் பிரித்து வெள்ளைத்தாளில் தட்டிப் பாருங்கள். ஊசிமுனை அளவில் பூச்சிகள் ஓடினால் அது இலைப்பேன். வெயிலே தேவைப்படும் நிறங்களும் உண்டு. ‘டபுள் டிலைட்’ ரோஜாவின் வெண்மஞ்சள் இதழில் ஓரம் சிவப்பது வெயில் பட்டால்தான். நிழலில் வைத்தவர்கள் வேறு செடியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நர்சரிக்காரரோடு சண்டைக்குப் போவார்கள்.

மஞ்சள் ரோஜா விஷயம் வேறு. அது ஒரு குடும்பக் கதை. தொடர்ந்து பூக்கும் பெரிய பூ ரோஜாக்களில் நல்ல அடர்மஞ்சள் வெகுகாலம் கிடையாது. பிரான்சில் புது ரோஜா வகைகளை உருவாக்கிய பெர்னே-டூஷே, பாரசீக மஞ்சள் ரோஜாவோடு இனக்கலப்பு செய்து, 1900இல் ‘சொலேய் டோர்’ என்ற வகையை வெளியிட்டார். இன்றைய மஞ்சள், ஆரஞ்சு நிறங்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. அந்தப் பாரசீக ரோஜா, நிறத்தோடு சேர்த்து இன்னொன்றையும் கொண்டுவந்தது: கரும்புள்ளி நோய்க்குச் சட்டென்று பணிந்துவிடும் குணம். பிற்காலத்தில் கவனமாகத் தேர்ந்தெடுத்த மஞ்சள்கள் இதிலிருந்து ஓரளவு மீண்டிருக்கின்றன. ஆனாலும் ஒரு மஞ்சள் ரோஜாவை வாங்கும்போது நான் இரண்டு தடவை யோசிப்பேன்.

கரும்புள்ளி ஒரு பூஞ்சாண நோய். அந்தப் பூஞ்சாண விதை முளைக்க இலை குறைந்தது ஏழு மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். மாலையில் குழாயால் இலையை நனைத்தால் அந்த ஏழு மணி நேரத்தை நாமே கொடுக்கிறோம். மாலையில்தான் முடியும் என்றால் மாலையிலேயே விடுங்கள், பரவாயில்லை. குழாயைத் தாழ்த்தி வேரில் மட்டும் விடுங்கள். கீழே உதிர்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எறியுங்கள், நோய் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். மண்மேல் காய்ந்த சருகோ வைக்கோலோ மூடாக்குப் போட்டால் தண்ணீர் தெறித்து இலையில் படாது. மருந்து தெளித்தாலும் புள்ளி விழுந்த இலை திரும்பப் பச்சையாகாது; புது இலையைக் காப்பாற்றத்தான் மருந்து. இலைமேல் மாவு தூவினாற்போல வரும் சாம்பல் நோய்க்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. அதற்கு இலை நனையவே வேண்டியதில்லை, காற்றோட்டம் இல்லாமல் செடிகளை நெருக்கி வைத்தாலே வந்துவிடும்.

சரி, மூன்றும் ஒரே செடியில் கிடைக்குமா? கிடைக்கும். மணம் இருந்தால் உடம்பு இருக்காது என்று ஒரு பேச்சு உண்டு. 2000இல் வந்த ‘நாக் அவுட்’ அதற்குத் தோதாகவும் அமைந்தது: கரும்புள்ளி அண்டாத செடி, பேருக்குத்தான் வாசம். ஆனால் ஜெர்மனியின் கோர்டஸ் ரோஜா நிறுவனம் உருவாக்கிய இளஞ்சிவப்பு ‘பெவர்லி’ நன்றாக மணக்கவும் செய்கிறது, இலையோடு நிற்கவும் செய்கிறது. ஜெர்மனியில் ஏடிஆர் என்று ஒரு சான்று தருகிறார்கள். 1997 முதல் மருந்தே தெளிக்காமல் வளர்த்துப் பார்த்துத்தான் அதைக் கொடுக்கிறார்கள். பெயர்ச்சீட்டில் அது இருந்தால் உடம்பைப் பற்றிக் கவலை குறைவு.

நாம் எல்லோரும் நிறத்தைப் பார்த்து மயங்கி, மணத்தை முகர்ந்து, இலையைப் பார்க்காமலே வாங்கிவிடுகிறோம். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். மழை பெய்து ஓய்ந்த சமயமாகப் பார்த்து நர்சரிக்குப் போங்கள். நேற்று வந்து இறங்கிய பூத்த செடிகளை விட்டுவிட்டு, மூலையில் நாள்பட்டுக் கிடக்கும் செடிகளைத் தேடுங்கள். அடியிலை மஞ்சளாகாமல் பளபளவென்று இருந்தால் அந்த வகை தாங்கும். அதில் மணக்கிறதை எடுங்கள். நிறம் கடைசியில்.

மஞ்சளை இப்போதே பிடுங்க வேண்டாம். காய்ந்த குச்சிகளை மட்டும் பச்சை தெரியும் வரை, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். புது இலை முற்றும்வரை உரம் எதுவும் போடாதீர்கள். இரண்டு மாதம் வேரில் மட்டும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் குச்சியாகவே நின்றால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் உடனே இன்னொரு ரோஜாவை நடாதீர்கள்; ரோஜா இருந்த மண்ணில் புது ரோஜா பெரும்பாலும் ஏறி வராது. நட்டே ஆக வேண்டும் என்றால் ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலத்துக்குப் பழைய மண்ணை அள்ளிவிட்டு, வேறு மண்ணும் நன்றாக மக்கிய தொழுவுரமும் நிரப்பிவிட்டு நடுங்கள்.